கவசத்தின் நீளம்

எங்கள் வீட்டில் இருந்த கசெற்றுகளில் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் ஒன்றுதான் தேய்ந்து, சிக்கி, அறுந்து, செலோரேப் போட்டு ஒட்டப்பட்டது. அப்பா அப்படி ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தது அம்மாதான். ஆனால் குசினிச் சுவருக்கு மறுபக்கம் முதல் கதிரை விழும் சத்தம் கேட்டதும் எழும்பிப் போய் அந்தக் கசெற்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பது அவர். ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். அது முடியும்போது பக்கத்து வீடு பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் திரும்பச் சுற்றி, மறுபடியும் போடுவார்.

1989இல் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நகரத்தின் தெற்கே ஓட்டாரா என்ற இடத்தில் அரசாங்க வீடு கிடைத்தது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டுமென்று மேய்ச்சல் நிலத்தில் வீடுகளை எழுப்பி உண்டாக்கிய ஊர் அது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர், பின்னால் பொதுவாக ஒரு புல்வெளி. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு மாவோரிக் குடும்பம். தாய், தகப்பன், நாலு பிள்ளைகள். மூத்தவளுக்கு என் வயது. இதை எழுதலாம் என்று சொன்னது அவள்தான். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். எனவே தாய் இங்கே ஆன்டி. ஓட்டாராவில் அம்மாவின் வயதுப் பெண்கள் எல்லாருமே ஆன்டிதான். ஊரில் எல்லாரையும் மாமி, சித்தி, பெரியம்மா என்று கூப்பிட்டுப் பழகிய எங்களுக்கு அது ஒன்றும் புதிதாக இருக்கவில்லை.

நாங்கள் குடிவந்த மறுநாள் ஆன்டி ஒரு பெரிய அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பன்றி எலும்பு, உருளைக்கிழங்கு, பூஹா என்ற கசப்புக் கீரை, மா உருண்டைகள் எல்லாம் போட்டு அவித்த சாப்பாடு. அன்று பார்த்து வெள்ளிக்கிழமை. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, சிரித்து, நன்றி சொல்லி, கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றார். அண்ணன் பின்பக்கமாகக் கொண்டுபோய் முழுவதையும் தின்றான். எப்படியோ ஆன்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பூஹாவை மட்டும், வேரோடு, வேலிக்கு மேலால் நீட்டுவார். அம்மா அதைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வார். ஒரு கோப்பை வறை திரும்பவும் வேலி தாண்டிப் போகும். இரண்டு பேருக்கும் இடையில் இருந்த ஆங்கிலம் கீரையைத் தாண்டிப் பேசப் போதுமானதாக இல்லை. ஆன்டிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் அம்மாவுக்கு விளங்கட்டும் என்று அவர் தன் ஆங்கிலத்தை அரைவாசியாக்கிக்கொள்வார்.

அவருடைய கணவரைப் பற்றி எழுதுவது கடினம். கிட்டார் வாசிப்பார். சனிக்கிழமைகளில் சொந்தக்காரர் வந்து நிறைந்தால் குரல்களைப் பிரித்துப் பாடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே ஒருவர் கீழே போவார், ஒருவர் மேலே போவார். எங்கள் பழைய டட்சனை இரண்டு தடவை காசு வாங்காமல் திருத்தித் தந்தார். அண்ணனுக்கு றக்பிப் பந்தைப் பின்பக்கமாக எறியப் பழக்கினார். வெஸ்ட்ஃபீல்ட் இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர் அவர். தொங்கிக்கொண்டு நகரும் செம்மறியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வெட்டாக வெட்டி அடுத்தவருக்கு விடும் சங்கிலி வேலை. அந்தத் தொழிற்சாலை 1989இல் மூடப்பட்டது. அவர் வேலைக்குப் போய் வந்ததை நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிறு தோறும் பின்படியில் இருந்து அந்தக் கத்திகளைக் கல்லில் தீட்டுவார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அவற்றை அவர் எந்த மனிதர் மீதும் ஓங்கியதில்லை என்று மூத்தவள் பிறகு சொன்னாள். அம்மாவுக்கு அது தெரியாதே. அந்தத் தீட்டும் சத்தம் கேட்டால் எங்களை உள்ளே கூப்பிட்டு யன்னலைச் சாத்துவார்.

ஆன்டியும் கணவரும் வடக்கே ஹொக்கியாங்கா கழிமுகத்தின் இரண்டு கரைகளில் பிறந்தவர்கள். நிலம் துண்டு துண்டாகிச் சோறு போடாமல் போனதும் அவர்களுடைய தலைமுறை நகரத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மாவோரிகளில் நாலில் ஒருவர்தான் நகரத்தில் இருந்தார். 1986இல் ஏறத்தாழ ஐந்தில் நாலு பேர். நாற்பது வருடத்தில் ஒரு சனம் முழுவதும் இடம் மாறியது. இவ்வளவு வேகமாக நகரத்துக்குப் பெயர்ந்த மக்கள் உலகத்தில் குறைவு என்பார்கள். வரச் சொன்னது அரசாங்கமும் தொழிற்சாலைகளும். அதே தொழிற்சாலைகள் 1984க்குப் பிறகு, மானியங்களையும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் எடுத்துவிட்ட புதிய பொருளாதாரத்தில், ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 1990களின் தொடக்கத்தில் மாவோரித் தொழிலாளரில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ஓட்டாராவில் அது ஒரு கணக்காகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒரு தெரு முழுக்க ஆம்பிளைகள் காரின் மூடியைத் திறந்துவிட்டு நிற்பதுதான் கண்ணில் பட்டது.

1991 ஏப்ரல் முதலாம் தேதி அரசாங்க உதவிப்படிகள் வெட்டப்பட்டன. வருமானத்தில் கால்வாசியாக இருந்த அரசாங்க வீட்டு வாடகை, பிறகு வந்த சில வருடங்களில் படிப்படியாகச் சந்தை விலைக்கு ஏறியது. (2000இல்தான் திரும்பக் கால்வாசிக்கு வந்தது. அதற்குள் இந்தக் கதை முடிந்துவிட்டது.) தொழிற்சாலை மூடும்போது கொடுத்த பணம் ஒரு காராகவும், ஒரு சித்தப்பாவின் மரணச் செலவாகவும், மிச்சம் பியர்ப் பெட்டிகளாகவும் போயிருந்தது. மாரியில் அந்த வீடுகளின் யன்னல் உள்பக்கமாக வியர்க்கும். காலையில் துவாயால் துடைத்துப் பிழிவோம். சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படரும். பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு இழுப்பு. ஒரு மாரி முழுக்க அவர்கள் வீட்டில் மின்சாரம் வெட்டப்படுவதும் வருவதுமாக இருந்தது. அண்ணன் எங்கள் குசினியிலிருந்து யன்னல் வழியாக ஒரு நீட்டு வயரை அங்கே விட்டான். அப்பா பேசாமல் இருந்தார். அந்த மாதக் கட்டணத்தையும் பேசாமல் கட்டினார். அப்பாவை நான் கோழை என்று எழுதிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடி எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. வேலை போன பிறகுதான் என்று ஒரு காலம் நம்பினேன். அப்படி இல்லை, முதலே இருந்தது, வேலை போன பிறகு நாள் கணக்கு மட்டும் மாறியது என்றாள் மூத்தவள். முன்பு சம்பள நாளில். பிறகு எந்த நாளும்.

அந்த வீட்டின் சத்தங்களைப் படிக்க நாங்கள் பழகியிருந்தோம். பாட்டு நிற்பது முதல். பிறகு சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் காரை எடுப்பது. அவர்களுக்கும் தெரியும் என்பது அந்தப் புறப்பாட்டின் அவசரத்தில் தெரியும். பிறகு ஓர் அமைதி, போத்தல்கள் பெட்டிக்குள் விழும் சத்தம், அவருடைய குரல், ஆன்டியின் குரல், அவருடைய குரல் மட்டும், கதிரை. அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலும் மயிலும்தான்.

மறுநாள் ஆன்டி துணி காயப்போட வருவார். அவருக்கு இடுப்புவரை தலைமுடி. வழக்கமாக இடப்பக்கம் வகிடு எடுப்பார். சில நாட்களில் வகிடு வலப்பக்கம் மாறியிருக்கும், முடி முகத்தின் பாதியை மூடியிருக்கும். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே யன்னலால் பார்த்து, "இண்டைக்கு வகிடு மாறிப்போச்சு" என்பார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு சொல் வராது. அன்றைக்கு வறையில் தேங்காய் கொஞ்சம் கூட இருக்கும்.

கோயிலில், பிறந்தநாள் வீடுகளில் எங்கள் ஆட்கள் கேட்பார்கள்: "அங்கயோ இருக்கிறியள்? அவையள் அப்பிடித்தானே, ரத்தத்தில உள்ளது." சொன்னவர்களில் ஒருவருடைய மனைவி நீட்டுக் கைச் சட்டையோடுதான் எந்தக் கோடையிலும் வருவா. நான் இன்று ஒரு தாதி. வரும் பெண்கள் எல்லாரிடமும், வீட்டில் யாரும் உங்களைப் பயப்படுத்துகிறார்களா என்று கேட்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. தமிழில் கேட்கும்போது கிடைக்கும் பதில்களை இங்கே எழுதமுடியாது. ரத்தம் என்று சொன்னவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவுகளுக்கு வந்த ஐரோப்பியப் பயணிகளும் பாதிரிமாரும் எழுதிவைத்த குறிப்புகளில் ஒரு வியப்பு திரும்பத் திரும்ப வருகிறது: இங்கே தகப்பன்மார் பிள்ளைகளை முதுகில் சுமந்து திரிகிறார்கள், அடிப்பதில்லை, இப்படிச் செல்லம் கொடுத்தால் பிள்ளை எப்படி உருப்படும் என்று. பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. ஆன்டியின் தாய் வகுப்பில் மாவோரி பேசியதற்காகத் தோல்வாரால் அடி வாங்கியவர். அந்த நானி (பாட்டியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் பிள்ளைகளுக்கு அந்த மொழியை வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டார்; காதில் விழுந்ததுதான் ஆன்டிக்குக் கிடைத்தது.

1993 மாரியில் ஓர் இரவு. வழக்கமான ஒழுங்கில் எல்லாம் நடந்தது. அப்பா கசெற்றைப் போட்டார். பாதியில் அது சிக்கியது. பாட்டு இழுபட்டு, ஆண் குரல்போலத் தடித்து, நின்றது. முதல் தடவையாக அந்தச் சுவர் வெறுமையாகக் கேட்டது. ஆன்டி கத்தவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. சின்னவன் அந்த அறைக்குள் இருந்தான் என்பதும், அவன் தன் குரலை மட்டும் கேட்கட்டும் என்று அவர் எண்ணினார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அம்மா எழும்பினார்.

"இஞ்சருங்கோ, நான் பொலிசுக்கு அடிக்கப்போறன்."

"பேசாமல் இரும். வந்த இடத்தில எங்களுக்கேன் இது? நாளைக்கு எங்களைத்தான் கேட்பாங்கள்."

அப்பாவின் பயத்தை நான் பழிக்கமாட்டேன். சீருடை போட்டவன் படியேறினால் வீட்டிலிருந்து ஒருவர் குறைவார் என்று அறிந்து வந்தவர் அவர். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ள 1987இல் எங்கள் எல்லாருக்கும் பழக்கியிருந்தார். அப்படித்தான் உயிரோடு வந்து சேர்ந்தோம். ஆனால் அம்மா அவரைத் தாண்டிப் போய் 111ஐ அழுத்தினார். தொலைபேசியில் சொல்ல அவரிடம் இருந்த ஆங்கிலம் எங்கள் வீட்டு இலக்கம், தெருவின் பெயர், "நெக்ஸ்ட் ஹவுஸ், லேடி, ப்ளீஸ்" அவ்வளவுதான். அதே நேரம் பின்கதவு தட்டுப்பட்டது. மூத்தவள், இடுப்பில் சின்னவனை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரும் பின்னால். காலில் செருப்பில்லை. அம்மா சாமி அறையில் பாய் விரித்து நாலு பேரையும் படுக்கவைத்தார்.

பொலிஸ் வந்தபோது ஆன்டியின் கணவர் முன்படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். வந்தவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்ன ஒரே ஒரு சொல் எங்களுக்கு விளங்கியது: டொமெஸ்டிக். அவரைக் காரில் ஏற்றி ஒரு தம்பி வீட்டில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் பின்னேரம் அவர் திரும்பி வந்துவிட்டார். நாலாம் நாள் ஞாயிறு, கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. அப்பா ஒரு பென்சிலால் கசெற்றைச் சுற்றி எடுத்து, அறுந்த இடத்தைச் செலோரேப்பால் ஒட்டினார்.

அடுத்த வருடம், 1994இல், லீ தமாஹோரியின் ‘வன்ஸ் வேர் வாரியர்ஸ்’ வந்தது. அலன் டஃப்பின் நாவலிலிருந்து எடுத்த படம். நியூசிலாந்தின் வசூல் சாதனைகளை முறியடித்தது. மூத்தவளும் நானும் போனோம். மனதை உலுக்கும் படம். வெளியே வந்த வெள்ளைக்காரப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்து ஒருத்தி தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மூத்தவள் அந்தத் தோளை ஜக்கெற்றோடு சேர்த்துத் தட்டிவிட்டாள். பஸ் தரிப்பிடத்தில் நான், எல்லாம் அப்படியே எடுத்திருக்கிறார்கள் இல்லையா என்று ஏதோ சொன்னேன்.

"இல்லை. உங்கட பாட்டு அதில இல்லை" என்றாள்.

நான் விளங்காத மாதிரி நின்றேன்.

"அதுதான், அந்த இரண்டு பொம்பிளையள் பாடுற பாட்டு. எனக்குப் பாடமே இருக்கு."

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறி வேறு வேறு இருக்கையில் இருந்தோம். அதுவரைக்கும், அந்தப் பாட்டு எதற்காக ஓடியது என்று அவர்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆன்டி இரண்டு தடவை பெண்கள் புகலிடத்துக்குப் போனார். இரண்டு தடவையும் திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று கேட்பவர்கள் நாலு பிள்ளைகளோடு ஓர் அறையில் ஒன்பது நாள் இருந்து பார்க்கவேண்டும். மூன்றாவது தடவை அவர் போகவில்லை, கணவரைப் போகவைத்தார். 1996 ஜூலையில் குடும்ப வன்முறைக்கு எதிரான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தரப்புக்கு முதலில் அறிவிக்காமலே நீதிமன்றம் தற்காலிகப் பாதுகாப்பு ஆணை தரலாம். அவர் மறுத்து வழக்காடாவிட்டால் மூன்று மாதத்தில் அது நிரந்தரமாகும். வீட்டில் இருக்கும் உரிமையையும் பெண் கேட்கலாம். அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. பிள்ளை கண்ணால் காணவோ காதால் கேட்கவோ விட்டாலே அது அந்தப் பிள்ளைக்குச் செய்த வன்முறைதான் என்று. மூத்தவள் அந்தத் தாளை எங்கள் குசினி மேசையில் விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். கேட்கவோ. அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அப்பா அறையை விட்டு எழும்பிப் போனார்.

ஆணைப்படி அவர் போனார், ஒரு பையும் கிட்டாரும் எடுத்துக்கொண்டு. கத்திகளை எங்கள் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாடகை ஏற, அடுத்த வருடமே ஆன்டியும் பிள்ளைகளோடு ஹொக்கியாங்காவுக்கு, நானியிடம் போய்விட்டார். சின்னவனை நானி தன் பிள்ளையாகவே எடுத்து வளர்த்தார். மாவோரிகளிடம் அதற்கு ஃபாங்காய் என்று பெயர், எழுத்து வேலை எதுவும் கிடையாது. மூத்தவள் மழலைகளுக்கு மாவோரி மொழியிலேயே பாடம் சொல்லும் கொஹாங்கா ரெயோ பள்ளியில் ஆசிரியை ஆனாள். பாட்டி மறைத்து வைத்த மொழியைப் பேத்தி மூன்று வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தாள்.

தகப்பனைப் பற்றிய மிச்சம் மிகப் பிந்தித்தான் வந்தது. அரசாங்கப் பராமரிப்பிலும் மத நிறுவனங்களின் பராமரிப்பிலும் நடந்த கொடுமைகளை விசாரிக்க 2018இல் ஆணைக்குழு அமைத்தார்கள். 1950க்கும் 2019க்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அங்கே துன்புறுத்தப்பட்டார்கள் என்று 2024 ஜூலையில் வந்த அதன் இறுதி அறிக்கை கணித்தது. தகப்பன் பதின்மூன்று வயதில் சைக்கிள் ஒன்றைத் திருடியதற்காகப் பையன்கள் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டவர். அங்கே என்ன நடந்ததென்று யாருக்கும் சொன்னதில்லை. கடைசிக் காலத்தில் மூத்தவளுக்கு மட்டும் ஒரு தடவை, காரில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாராம். 2024 நவம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டபோது தகப்பன் இறந்து ஒரு வருடம். இதைச் சொல்வதால் அவர் அடித்த ஒரு அடியும் குறையாது. அதே ஆட்சியில், அதே வறுமையில், பள்ளியில் அடிபட்ட தாயின் மகளாக வளர்ந்தவர்தான் ஆன்டியும்; அவர் கையிலிருந்து பிள்ளைகள் மீது மரக்கரண்டி விழுந்திருக்கிறது, அதை அவரே சொல்வார், ஆனால் யாருடைய பல்லும் போகவில்லை.

தகப்பனுடைய மரணச் சடங்குக்கு நான் போனேன். ஒக்லாந்திலிருந்து வடக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி, ராவெனே என்ற இடத்தில் படகில் காரை ஏற்றி மறுகரை போகவேண்டும். மராய் என்ற ஊர்மனையில், திறந்த பெட்டியில், உறவினர் சூழ மூன்று நாள் உடல் இருக்கும். கறுப்பு உடுத்து, தலையில் இலைவளையம் வைத்த பெண்கள் பெட்டியை விட்டு நகரமாட்டார்கள். வருபவர்கள் இறந்தவரைப் பார்த்து நேராகப் பேசுவார்கள். புகழ்ச்சிதான் என்றில்லை. கோபமிருந்தால் கோபத்தையும் அங்கேதான், எல்லாருக்கும் முன்னால் கொட்டவேண்டும். புதைத்த பிறகு பேசக்கூடாது.

ஆன்டி வருவாரா மாட்டாரா என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் வந்தார். முடி குட்டையாக வெட்டியிருந்தது, வகிடே இல்லை. பெட்டிக்குக் காலடியில் நின்று பேசத் தொடங்கினார், மாவோரியில், அறுபது வயதுக்கு மேல் மகளிடம் படித்த மாவோரியில். குரல் உயரவில்லை. நான் மூத்தவளைப் பார்த்தேன்.

"கணக்குச் சொல்லுறா" என்றாள். "பல்லு. கரண்ட் பில். சின்னவன்ர பிறந்தநாள். எந்த வருசம் எண்டும் சொல்லுறா."

நீண்ட நேரம் போனது. கிழவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. ஓரிடத்தில் மூத்தவள் மொழிபெயர்ப்பதை நிறுத்தினாள். என்ன என்று கேட்டேன்.

"உங்கட பாட்டைச் சொல்லுறா."

"என்னெண்டு?"

"அது தொடங்கினாத்தான் அவர் கூடச் சத்தம் போடுவாராம். வெளியில கேக்காது எண்டு தெரியுமாம்."

ஆன்டி பேசி முடித்து, குனிந்து, அவருடைய நெற்றியிலும் மூக்கிலும் தன் நெற்றியையும் மூக்கையும் வைத்தார். பிறகு எழும்பி நேராகச் சாப்பாட்டு மண்டபத்துக் குசினிக்குப் போனார். இருநூறு பேருக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. நான் பின்னால் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று வாசலில் நின்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னைக் கண்டு, கட்டிப்பிடித்து, அம்மா போன செய்தி தெரியும் என்றார். பூஹாவுக்கு இப்போது நீ தேங்காய் போடுகிறாயா என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். ஆன்டி, அந்த நாட்களில் அப்பா, என்று தொடங்கினேன்.

அவர் ஒரு வாங்கில் என்னை இருத்தி, ஒரு சாக்கு வற்றாளங்கிழங்கை முன்னால் இழுத்துவிட்டு, ஒரு கத்தியைக் கையில் தந்தார்.

"தோலைத் தடிப்பாய்ச் சீவிப்போடாதை" என்றார்.